மேற்குச் சுவரின் கோழிக்கால் குறி

பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்ததே, அந்த வருஷம். தாராவியில் எங்கள் குடிசையின் தகரம் அதிர்ந்து ஆணி கழன்று விழுந்தது. அரிசிக்குக் கார்டு வந்திருந்தது. உலகச் சண்டை இன்னும் முடியவில்லை. அந்த வருஷத்து மழை விட்ட பிறகுதான் பரமேஸ்வரன் சாரை முதன்முதலாகப் பார்த்தேன். போன புதன்கிழமை அவர் டோம்பிவிலியில் மகன் வீட்டில் காலமாகிவிட்டார் என்று தமிழ் மன்றத்துச் செயலாளர் போனில் சொன்னார். "அவர் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பாக்கி வைத்திருக்கிறாரே" என்றுதான் என் வாயில் முதலில் வந்தது. கிழவனுக்கு அதிர்ச்சி என்று நினைத்துக்கொண்டு, தண்ணீர் குடியுங்கள் என்றார் செயலாளர்.

நினைவு மலருக்கு நானும் நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். ஊரில் படித்தவள், தமிழ் எழுதுவாள். மாதுங்கா கல்லூரியின் பழைய மாணவர்கள் எல்லாருக்கும் சாரையும் தெரியும், கேட்டில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த இந்தப் பேச்சிமுத்துவையும் தெரியும். நல்லதையும் சொல்வேன், மற்றதையும் சொல்வேன், போடுவதானால் முழுதாகப் போடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். சரி என்றிருக்கிறார்கள்.

எனக்கு அப்போது பதினேழு வயது இருக்கும். அண்ணன் சுடலைமுத்து என்னைவிட எட்டு வயது மூத்தவர். திருநெல்வேலிப் பக்கம் கல் கொத்துகிற குடும்பம் எங்களுடையது. அண்ணன் முதலில் பம்பாய் வந்து, பிறகு மதினியையும் என்னையும் கூட்டிக்கொண்டார். மாதுங்காவில் கல்லூரிக்குச் சுற்றுச்சுவர் கட்ட ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனோம். இப்போது நீங்கள் சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் அன்று பட்டாளத்துச் சமையல் கொட்டகை. மைதானம் முழுக்கக் கூடாரம். பாதிக் கல்லூரியைப் பட்டாளம் எடுத்துக்கொண்டிருந்தது. மீதிப் பாதியில் பையன்கள் படித்தார்கள். மேற்கே நாணலும் சேறும். அந்தப் பக்கம்தான் சுவர் வர வேண்டும். கட்டட வேலைக்கெல்லாம் சார்தான் ஓவர்சியர். ஒடிசலாக, இருபத்துமூன்று இருபத்துநாலு வயதில், வெயிலோ மழையோ கையில் குடையோடு நிற்பார்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கொத்தி முடித்த கல்லில் அவனவன் தன் குறியைப் போடுவான். குறி வைத்துத்தான் இது யார் வேலை என்று பிரித்து அளப்பார்கள். ஒருவன் குறியை இன்னொருவன் போடக் கூடாது. கை திருந்தும்வரை சின்னவனுக்குக் குறி கிடையாது; எனக்கும் இல்லை. அண்ணனுடையது கோழிக்கால், ஒரு புள்ளியிலிருந்து மூன்று கோடு. உளியால் மூன்றே தட்டில் விழும். குறி கல்லின் உள்பக்கம் போகும். சுவர் எழும்பியதும் மறைந்துவிடும். இங்கேதான் வேறு மாதிரி நடந்தது. சாருக்கு நாலு இடத்தில் வேலை, தினமும் வந்து அளக்க முடியவில்லை. "குறியை வெளிப்பக்கமாப் போட்டுடு சுடலை, சுவர் முடிஞ்சப்புறம் மொத்தமா அளந்துக்கறேன்" என்றார். அப்போது அது வசதிக்குச் சொன்னதாகத்தான் பட்டது. இன்றைக்கும் வேறு விதமாக நினைக்க எனக்கு ஆதாரம் இல்லை.

சாயங்காலம் வந்து சுவரோரமாக நடப்பார். "என்ன சுடலை, உன் கோழி இன்னிக்கு ரொம்ப தூரம் நடந்திருக்கே?"

"கோழி நடக்கும் சார். முட்டையை மட்டும் நீங்க எடுத்துக்கிடுதீக" என்பார் அண்ணன்.

சார் குடையை மடக்கி ஊன்றிக்கொண்டு சிரிப்பார். வேலைக்காரன் கிண்டலை வாங்கிக்கொண்டு சிரிக்கிற ஓவர்சியரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அண்ணனுக்கு அவர்மேல் பிரியம் விழுந்தது அந்தச் சிரிப்பில்தான்.

கல் தீர்ந்துபோயிற்று. லாரியெல்லாம் சண்டை வேலைக்குப் போய்விட்டது, கல்குவாரியிலிருந்து கல் வரவில்லை. மேலே இருப்பவர்கள் சாரை நெருக்கினார்கள். சுவர் முடியாவிட்டால் வேலை போய்விடும் என்று அவரே சொன்னார். சயான் பக்கத்துக் குன்றின் மேல் பழைய கோட்டை ஒன்று இடிந்து கிடந்தது. அங்கே ஏறி நின்றால் உப்பளம், தாராவியின் தோல் கிடங்குகள், ரெண்டு ரயில் பாதை, எங்கள் கல்லூரி எல்லாம் தெரியும். "விழுந்து கிடக்கற கல்லுதானே, யாருக்கு என்ன? கொண்டு வா" என்றார். மாட்டு வண்டி பிடித்துக் கொண்டுவந்தோம். அருமையான கருங்கல். அண்ணன் ஒவ்வொன்றையும் புது முகம் வைத்துக் கொத்திக் கோழிக்கால் போட்டார். விழுந்த கல்லும் தீர்ந்தது. ஆடுகிற கல்லையும் எடு என்றார் சார். அதுவும் முடிந்தது. மேலே ஏறுகிற படி மட்டும் அசையாமல் கிடந்தது.

அண்ணன் மாட்டேன் என்றுவிட்டார். "சார், இது நல்லா நிக்கிற படி. சர்க்கார் சொத்துல்லா? யார்ட்டயாவது கேட்டியளா?"

"கேக்காம சொல்வேனா? எழுத்து வந்தாச்சுடா." சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து விரித்துக் காட்டினார். மேலே வட்டமாக முத்திரை, கீழே கையெழுத்து. அண்ணன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கினார், கண்ணில் ஒற்றிக்கொண்டார், திருப்பிக் கொடுத்தார். எங்கள் இருவருக்கும் முத்திரை மட்டும்தான் தெரியும். மறுநாள் படியைப் பெயர்த்தோம்.

இரண்டு மாதம் கழிந்தது. கடலைப் பார்க்கக் காவலுக்கு ஆள் போட வேண்டும் என்று பட்டாளத்து அதிகாரி ஒருவர் அந்தக் கோட்டைக்குப் போயிருக்கிறார். மேலே ஏறப் படியைத் தேடியிருக்கிறார். படி எங்கள் மேற்குச் சுவரில் இருந்தது.

இது எங்களுக்குத் தெரியாது. சாருக்குத் தெரிந்திருந்தது. விசாரணைக்கு முந்தின நாள் அண்ணன் சுவரின் அந்தக் கடைசியில் இருந்தார். சார் என்னை மட்டும் வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டார்.

"பேச்சி, நாளைக்குப் பெரிய ஆபீசர் வரார். சுவரைப் பாக்கறதுக்குன்னே வரார், கேட்டியோ? இந்தக் கல்லெல்லாம் கொத்தினது யாருன்னு கேட்டா, நீ கூசாம அண்ணன் பேரைச் சொல்லு. குறியைக் காட்டு. நம்மாளுக்கு மேஸ்திரி வேலை வரும்."

"நெசமாவா சார்?"

"அண்ணன்கிட்ட இப்பச் சொல்லிடாதே. அவனுக்குச் சந்தோஷமா இருக்கட்டும்."

அன்று என் கால் தரையில் பாவவில்லை. மதினியிடம்கூடச் சொல்லவில்லை. மறுநாள் ஒரு வெள்ளைக்காரத் துரை, மராத்திக்காரப் போலீஸ் ரெண்டு பேர், எழுத ஒரு குமாஸ்தா, கூடவே சார். அண்ணன் தண்ணீர் குடிக்கப் போயிருந்தார். குமாஸ்தா இந்தியில் கேட்டார், இது யார் வேலை என்று. நான் முன்னால் நடந்தேன். "இது எங்க அண்ணன். இதுவும் எங்க அண்ணன்தான். இந்தா பாருங்க, இந்த மூலையில, இதுவும்!" மேற்குச் சுவர் முழுக்க நடந்தேன். ஒரு கோழிக்காலை விடவில்லை. உயரத்தில் இருந்ததைக் கல்மேல் ஏறி நின்று விரலை வைத்துக் காட்டினேன். குமாஸ்தா எழுத எழுத எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அண்ணன் வந்து பார்த்தபோது என் விரல் குறியின் மேல் இருந்தது. போலீஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "என்னல செஞ்சே?" என்றார். சத்தம் போட்டுக் கேட்கவில்லை.

பிறகு சாரிடம் திரும்பினார். "சார், காயிதம் வச்சிருக்கியளே. பையில இருக்குல்லா. எடுத்துக் காட்டுங்க."

சார் சட்டைப் பையைத் தடவினார். "எந்தக் காயிதம்?" என்றார். கல் குவாரியிலிருந்து வருவதாகத்தான் தான் நினைத்திருந்ததாகத் துரையிடம் இங்கிலீஷில் சொன்னாராம். வண்டிக்காரன் மாட்டை அவிழ்த்துக்கொண்டு ஊருக்கே ஓடிவிட்டான். அண்ணனுக்கு ஆறு மாதம் சிறை. கோர்ட்டில் என் பேரை அவர் சொல்லவே இல்லை. தனியாக எடுத்தேன் என்று சொல்லிவிட்டார்.

அவர் வெளியே வந்தபோது சண்டை முடிந்திருந்தது. தாராவிக்கு வரவில்லை. மதினியைக் கூட்டிக்கொண்டு ஆண்டாப் ஹில்லுக்குப் போய்விட்டார். ரெண்டு முறை போனேன். வாசலில் என்னைக் கண்டதும் உள்ளே போய்ப் பாயில் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மேஸ்திரி வேலைக்குத்தான் சொன்னேன் அண்ணே என்று அந்த முதுகிடம் சொன்னேன். முதுகு அசையவில்லை. நாடு விடுதலையாகி மாதுங்கா முழுக்கத் தோரணம் கட்டினார்கள், அதற்கும் அண்ணன் வரவில்லை. கல் தூசி நெஞ்சில் இறங்கி, காந்தி சுடப்பட்டாரே அதற்கடுத்த மாதம் அவரும் போய்விட்டார். பிள்ளை இல்லை. தம்பி நான்தான் கொள்ளி வைக்க வேண்டும். மதினி எழுந்து வந்து நடுவில் நின்றாள்.

"தொட்டுக் காட்டின விரல்லா அது? அந்தக் கையால தீ வைப்பியோ?"

அவளுடைய தம்பி கொள்ளி வைத்தான்.

அந்த வாரமே சார் என்னைத் தேடித் தாராவிக்கு வந்தார். எங்கள் சந்துக்குள் அவர் வந்தது அதுதான் முதல் தடவை. குடையை வாசலில் சாய்த்துவிட்டுக் குனிந்து உள்ளே வந்தார். எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். அன்றைக்குக் காட்டிய எழுத்து, திருப்பிக் கொடுக்காத புத்தகத்துக்குக் கல்லூரி நூலகம் அவருக்கு அனுப்பியிருந்த நோட்டீஸாம். முத்திரை கல்லூரி முத்திரையாம்.

"நான் பயந்துட்டேன்டா, பேச்சி. கல்லெடுக்கச் சொன்னது நான்தான்னு உங்கண்ணன் வாயிலேர்ந்து வர்றதுக்கு முந்தி, குறி அவனோடதுன்னு யாராவது சொல்லணும். சொந்தத் தம்பியே சொல்லிட்டா அப்புறம் அவன் பேச்சு எடுபடாதுன்னு தெரியும். தெரிஞ்சேதான் பண்ணினேன்."

அடித்திருக்கலாம். வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிற ஆளை எப்படி அடிப்பது? ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "சார், இதை இப்படியே மதினிகிட்ட வந்து சொல்லணும். நான் சொன்னா நம்ப மாட்டா. நீங்க சொன்னா நம்புவா."

"வரேன்டா. வர ஞாயித்துக்கிழமை வரேன்."

வரவில்லை. அடுத்த ஞாயிறு என்றார். கல்லூரி கேட்டில் எனக்குக் காவல் வேலை வாங்கிக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கல் கொத்த எனக்கு மனம் வரவில்லை, வயிறு இருந்தது. அதோடு அவர் கண்ணெதிரே இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது வருவார் என்று நினைத்தேன். அப்படியே முப்பத்திரண்டு வருஷம் அந்த மேற்குச் சுவரைப் பார்த்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

அவர் கெட்ட மனுஷன் என்று சொல்லிவிட்டால் எனக்கு எளிது. சொல்ல முடியவில்லை. ஊரிலிருந்து எனக்கு வந்த கடுதாசியையெல்லாம் அவர்தான் வாசித்துக் காட்டினார். வேலை நடுவில் போனாலும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாக வாசிப்பார். எனக்கு நம்பிக்கை இல்லை. அதே கடுதாசியை எடுத்துக்கொண்டு தபால் நிலையத்து வாசலில் எழுதிக் கொடுப்பவரிடம் போய் மறுபடி வாசிக்கச் சொல்வேன். வருஷக்கணக்கில் சோதித்தேன். அம்மாவின் சாவு, நிலத் தகராறு, என் கல்யாணத்துக்குப் பெண் வீட்டார் எழுதிய குத்தல் பேச்சு, எதிலும் ஒரு வார்த்தை கூட்டிக் குறைத்ததில்லை அவர். நான் சோதிப்பது அவருக்குத் தெரியும். "போஸ்டாபீஸ்லயும் கேட்டுக்கோடா" என்று அவரே கடுதாசியை மடித்துக் கொடுப்பார். தாராவிப் பிள்ளைகள் எத்தனை பேரைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் கல்லூரியில் சேர்த்தார் என்பதை அந்தப் பிள்ளைகளே இந்த மலரில் சொல்லட்டும்.

சார் கல்லூரி நிர்வாகத்தில் பெரிய பதவிக்கு வந்த பிறகு கல்லூரிக்கு விழா நடந்தது. கல்லூரி வளாகத்தின் வரலாறு என்று புத்தகம் போட்டார்கள். கட்டடங்களைப் பற்றிய பகுதி சார் எழுதியது. எனக்கும் ஒரு பிரதி கொடுத்தார்கள்; அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டுப் பெட்டியில் வைத்தேன். பிறகு ஒருநாள் சரித்திர வாத்தியார் ஒருவர் மாணவர்களைச் சுவரருகே கூட்டிவந்து, அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கோழிக்காலைக் காட்டிச் சொல்கிறார்: "இவை பழைய கோட்டையைக் கட்டியவர்களின் குறிகள். முந்நூறு வருஷத்துக்கு முற்பட்டவை." பிள்ளைகள் படம் வரைந்துகொண்டார்கள். ஒரு பெண் ரொம்பப் பக்தியோடு தொட்டுப் பார்த்தாள்.

நான் நேரே சாரின் அறைக்குப் போனேன். "எங்க அண்ணனுக்கு முந்நூறு வயசாமே சார்?"

கதவைச் சாத்தச் சொன்னார். "மேற்குப் பக்கம் புதுக் கட்டடம் வரப்போறது. எல்லாச் சுவரையும் இடிக்கணும்னா. பழசுன்னு எழுதினாத்தான் இதை விடுவா. உங்கண்ணன் கை அப்படியே நிக்கட்டும்னுதான்டா எழுதினேன்."

"கை நிக்கும் சார். ஆளு?"

அவர் சொன்னபடிதான் நடந்தது. மற்ற மூன்று சுவரும் போய்விட்டன. மேற்குச் சுவரை மட்டும் கம்பி வேலி போட்டுக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அந்தச் சுவருக்காகச் சிறைக்குப் போனவன் பேர் அதில் எங்கேயும் இல்லை. திருடன் என்றாவது கோர்ட்டுக் காகிதத்தில் அவனுக்கு ஒரு பேர் இருந்தது. கல்லூரிப் புத்தகத்தில் அதுவும் இல்லை. முதல் தடவை அவர் அண்ணனைக் காட்டிக்கொடுத்தது பயத்தில். இரண்டாம் தடவை அன்பில் செய்தார். எனக்கு இரண்டாவதுதான் அதிகம் வலிக்கிறது.

ஓய்வுபெற்று அவர் டோம்பிவிலிக்குப் போனார். மாதம் ஒருமுறை லோக்கல் ரயில் பிடித்துப் போய்ப் பார்ப்பேன். பார்க்கப் போகிறேன் என்றால் வீட்டில் சிரிப்பார்கள், "ஞாயிறு வசூலுக்குக் கிளம்பிட்டார்" என்பான் என் பையன். போன தீபாவளிக்குப் பிறகு போனபோது சார் படுக்கையில் இருந்தார். சுற்றி வளைக்காமல் கேட்டேன், ஏன் சார் மதினிகிட்ட வரவே இல்லை என்று.

"உன்னைப் பார்க்கறப்போ எனக்குக் கூச்சமில்லைடா, பேச்சி. நீ கேட்டுண்டே இருப்பே. அவ ஒண்ணும் கேக்க மாட்டா. என்னைப் பாத்துண்டு நிப்பா. அதுக்கு எனக்குத் தைரியம் இல்லை."

பிறகு மகனைக் கூப்பிட்டுப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். அந்தக் காகிதத்தை எடுத்து என் கையில் வைத்தார். மடிப்பெல்லாம் கிழிந்து, முத்திரை மங்கி இருந்தது. கிழித்துப் போடாமல் இத்தனை வருஷம் வைத்திருக்கிறார். "கொஞ்சம் தேறிட்டேன்னா, வர ஞாயித்துக்கிழமை ஒரு வண்டி வச்சுண்டு ரெண்டு பேருமாப் போயிடுவோம்" என்றார். அவர் சொன்ன கடைசி ஞாயிறு அதுதான். தேறவில்லை.

பழைய மாணவர்களே, உங்களுக்கு அவர் வாங்கிக் கொடுத்த இடமும் படிப்பும் இருக்கிறது. எனக்கு இந்தக் காகிதம். ஏழு நாளில் புத்தகத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று அதில் போட்டிருப்பதாக மருமகள் வாசித்துச் சொன்னாள். அவர் வாசித்த ஐம்பது அறுபது கடுதாசிகளின் குரலும் என் காதில் இருக்கிறது. அண்ணன் கண்ணில் ஒற்றிக்கொண்ட தாள் இது என்பதால் எனக்கும் தூக்கி எறியக் கை வரவில்லை.

இந்த மலர் அச்சானதும் ஒரு பிரதியையும் இந்தக் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு மருமகளோடு ஆண்டாப் ஹில்லுக்குப் போவேன். நான் வாசலில் நிற்பேன். அவள் உள்ளே போய் மதினிக்கு இதை முதலிலிருந்து கடைசிவரை வாசிப்பாள். உங்களுக்கு முத்திரையைக் காட்டி ஏமாற்றினதுபோல எனக்கு அச்சைக் காட்டுகிறாயா என்று மதினி கேட்டால், கேட்கட்டும். கேட்டாலே போதும். ஐம்பது வருஷத்துக்கு மேலாகிறது, அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசி.

துரை எந்தச் சீமையில் மண்ணானாரோ. வண்டிக்காரன் ஊரில் செத்துப்போனான். அண்ணன் போய்விட்டார். நடந்ததைத் தன் வாயால் சொல்லியிருக்க வேண்டிய சாரும் போய்விட்டார். அன்றைக்கு அந்தச் சுவரில் சிக்கினவர்களில் என்னைத் தவிர இனி உயிரோடு இருப்பது ஒருத்திதான். என் மதினி, வேலம்மாள்.